கரையில் இருந்த குருவிகள்

போன தை மாசம் அண்ணன் வீட்டுக்குக் குருவிகுளம் போயிருந்தேன். சங்கரன்கோவிலில் ரயிலை விட்டிறங்கி, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் கரிசல் காடு. வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை, இந்த முறையாவது மதினி கையால் கம்மங்களியும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டுவிட வேண்டும் என்று. வீட்டுக்குள் நுழைந்தால் களியும் இல்லை, குழம்பும் இல்லை. அடுப்பே மூட்டவில்லை. மதினி ஒரு மூலையில், அண்ணன் திண்ணையில், பெண் மாடியில். ஆச்சி மட்டும் (என்னைப் பெற்றவள்தான். பேத்தி கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் ஆச்சியாகிவிட்டாள்) நடுக்கூடத்தில் காலை நீட்டிக்கொண்டு வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க மதினி. நீங்களே கேளுங்க இந்தக் கூத்தை. ஒங்க மருமக கப்பல் பட்டாளத்துல சேரப் போறாளாம்!"

சமாசாரம் இதுதான். பெண்ணுக்குப் பத்தொன்பது வயசு. பிளஸ் டூவில் நல்ல மார்க். இப்போது கல்லூரியில் கணக்குப் பாடம். கடற்படையில் அக்னிவீர் என்று ஆள் எடுக்கிறார்களே, அதற்கு விண்ணப்பம் போட வேண்டும் என்கிறாள். கடைசித் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள். அதே சமயம் கோவில்பட்டியிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. பையனுக்கு நல்ல உத்தியோகம், குடும்பமும் தெரிந்த குடும்பம். அவர்களும் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்ய வழியில்லை. அக்னிவீராகச் சேருகிறவர்கள் கல்யாணம் ஆகாதவர்களாக இருக்க வேண்டும், அந்த நாலு வருஷமும் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்பது கடற்படையின் நிபந்தனை.

ஆச்சி உலக்கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "பட்டாளத்துக்குப் பொம்பளை போன கதை எங்கயாவது உண்டா? நீதான் நாலு புஸ்தகம் படிக்கியே, சொல்லு."

உண்டு என்றேன். ஆனால் பேச்சைக் குருவியிலிருந்து ஆரம்பித்தேன். இந்த ஊரில் அதைவிட நல்ல ஆரம்பம் எனக்குத் தோன்றவில்லை.

இங்கிலீஷ்காரர்கள் முதல் உலக யுத்தத்தின்போது, 1917-ல், கடற்படைக்கென்று ஒரு பெண்கள் படையைத் தொடங்கினார்கள். அதன் நீளமான பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்துச் சொன்னால் 'ரென்' என்று வரும். ரென் என்பது அவர்கள் ஊரில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு சின்னக் குருவி. படைக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. அதில் சேர்ந்த பெண்களெல்லாம் 'ரென்கள்', அதாவது குருவிகள்! சண்டை முடிந்ததும் 1919-ல் கலைத்துவிட்டார்கள். 1939-ல் மறுபடி யுத்தம் வரும்போல் ஆனதும், அதே குருவிகளைக் கூப்பிட்டார்கள். 1944-ல் கணக்கெடுத்தபோது சுமார் 74,000 பேர்.

"அம்புட்டுப் பேரும் கப்பலோட்டுனாகளா?" என்றாள் ஆச்சி.

இல்லை. அதுதான் வேடிக்கை. அந்தக் காலத்தில் அவர்களைக் கப்பலில் சண்டைக்கு அனுப்பவில்லை. "நீ வந்து கரையில் உட்கார், ஓர் ஆண்பிள்ளை கப்பலுக்குப் போகட்டும்" என்பதுதான் ஆள் சேர்க்கும்போது சொன்ன வார்த்தையின் சாரம். ஆகவே கப்பலுக்கு வெளியே இருக்கும் வேலை முழுக்க இவர்கள் தலையில் விழுந்தது.

சகோதரிகளே, ஒரு சண்டைக் கப்பல் என்றால் நமக்குப் பீரங்கி மட்டும்தான் ஞாபகம் வருகிறது. அதில் இருக்கும் ஐந்நூறு, ஆயிரம் பேருக்கு மாவு எத்தனை மூட்டை, சர்க்கரை எவ்வளவு, சோப்பு எவ்வளவு, யாருக்குச் சம்பளம் எவ்வளவு, அதில் வீட்டுக்கு எவ்வளவு அனுப்ப வேண்டும், எந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்துக்கு எப்போது வரும், அதற்குள் அவர்களுடைய தபால் போய்ச் சேர்ந்திருக்குமா, எந்த இயந்திரத்துக்கு எந்த மரை தேவை என்றெல்லாம் யாரோ ஒருத்தர் கரையில் உட்கார்ந்து நோட்டுப் போட்டு எழுதினால்தான் அந்தப் பீரங்கி வெடிக்கும். மாசக் கடைசியில் மளிகைக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கிற நமக்கு இது புரியாதா என்ன? வீட்டில் நாலு பேருக்கே இத்தனை பாடு. அவர்களுக்கு ஒரு கடற்படை முழுவதும் வீடு.

தட்டச்சு, டெலிபோன் எக்ஸ்சேஞ்ச், டெலிபிரின்டர், சங்கேதத் தந்திகளைப் பிரித்து எழுதுவது, சமையல், பண்டகசாலை, லாரி ஓட்டுவது, ரேடியோப் பெட்டியைப் பழுது பார்ப்பது எல்லாம் செய்தார்கள். ஆரம்பத்தில் எழுத்து வேலையும் சமையலும்தான் கொடுத்தார்கள். ஆள் தட்டுப்பாடு கூடக் கூட, "இதைப் பெண் செய்ய முடியாது" என்ற பட்டியல் சின்னதாகிக்கொண்டே வந்தது. அவசியம் வந்தால் சாஸ்திரம் தளர்ந்துவிடும் போலிருக்கிறது!

இதில் இன்னொரு விஷயம் கேட்டு அண்ணனே திண்ணையிலிருந்து எழுந்து உள்ளே வந்துவிட்டார். கடற்படை ஆபீஸ்களுக்கும் முகாம்களுக்கும் கப்பலைப் போலவே பெயர் வைப்பார்கள். கல்லுக் கட்டடம்தான், ஆனால் காகிதத்தில் கப்பல். அந்தக் காலத்து இங்கிலீஷ் சட்டப்படி, ஏதாவது ஒரு கப்பலின் பேரேட்டில் பெயர் இருந்தால்தான் ஒருவர் கடற்படைக் கட்டுப்பாட்டுக்குள் வருவார். அதனால் கரையில் இருக்கிற கட்டடத்தையும் கப்பலாக்கிவிட்டார்கள். அந்த வழக்கம் நம் நாட்டிலும் நின்றுவிட்டது. அரக்கோணத்தில் கடல் ஏது? ஆனால் அங்கே 'ஐ.என்.எஸ். ராஜாளி' இருக்கிறது, 1992 முதல். ராமநாதபுரம் பக்கம் உச்சிப்புளியில் 'ஐ.என்.எஸ். பருந்து'. நம் திருநெல்வேலிச் சீமையிலேயே விஜயநாராயணத்தில், 1990-ல் தொடங்கிய 'ஐ.என்.எஸ். கட்டபொம்மன்'. கடலுக்கு அடியில் போகும் நீர்மூழ்கிக் கப்பலுக்குச் செய்தி அனுப்புகிற ரேடியோ நிலையம் அது. சாதாரண ரேடியோ அலை உப்புத் தண்ணீருக்குள் இறங்காது. மிக நீண்ட அலைதான் கொஞ்ச ஆழம் வரை இறங்கும். அதற்காக வானுயரக் கோபுரங்கள் நட்டிருக்கிறார்கள். பயறு விளைகிற பூமியில் நின்றுகொண்டு கடலுக்கு அடியில் இருப்பவனோடு பேசுகிறார்கள்.

"அப்ப இவளும் கரையிலதான் இருப்பாளா?" என்றாள் மதினி, முதல் தடவையாகக் கோபமில்லாத குரலில். கொஞ்சம் பொறு, வருகிறேன் என்றேன்.

லிவர்பூல் என்ற ஊரில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் எனக்கு மேலே போக மனசு வராது. 1942 ஆரம்பத்தில் அட்லாண்டிக் கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களை ஒவ்வொன்றாக மூழ்கடித்துக்கொண்டிருந்தன. இங்கிலாந்துக்கு வேண்டிய தானியம், இறைச்சி, எண்ணெய் எல்லாம் அந்தக் கப்பல்களில்தான் வர வேண்டும். நீர்மூழ்கி எப்படி வருகிறது, எப்படித் தப்பிக்கிறது என்று கண்டுபிடிக்க கில்பர்ட் ராபர்ட்ஸ் என்ற அதிகாரியை நியமித்தார்கள். நோயினால் கடற்படை அவரை முன்பே ஓய்வில் அனுப்பியிருந்தது. அவருக்குக் கொடுத்த ஆட்கள் யார் தெரியுமா? பள்ளிக்கூடம் முடித்து வந்த சின்னப் பெண்கள், ரென்கள்.

ஒரு பெரிய அறையின் தரை முழுக்கக் கட்டம் போட்டு, சாக்பீஸால் கப்பல் போகும் பாதையைக் கோடு கிழித்து, சின்னச் சின்னப் பொம்மைக் கப்பல்களை நகர்த்தி விளையாட்டு ஆடினார்கள். நம் வாசலில் பாண்டி ஆடுகிற மாதிரிதான் வைத்துக்கொள்ளுங்களேன். கப்பல் தலைவர்கள் சுற்றிலும் திரைக்குப் பின்னால் நின்று, ஒரு சின்ன ஓட்டை வழியாக மட்டும் தரையைப் பார்க்கலாம். நிஜக் கடலில் எவ்வளவு தெரியுமோ அவ்வளவே தெரியும். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் இரண்டு நிமிஷம். இந்தப் பெண்கள் நீர்மூழ்கியாக இருந்து ஆடி, பெரிய பெரிய அனுபவசாலிகளைத் தோற்கடித்திருக்கிறார்கள். அங்கே கண்டுபிடித்த ஒரு எதிர்த் தந்திரத்துக்கு ஜீன் லெய்ட்லா என்ற ரென் பெண் 'ராஸ்பெர்ரி' என்று பெயர் வைத்தாள். அது ஒரு பழத்தின் பெயர், நாக்கைத் துருத்திப் பழிப்புக் காட்டுவதற்கும் அவர்கள் பேச்சில் அதுதான் பெயர். ஹிட்லருக்குப் பழிப்பாம்! யுத்தம் முடிவதற்குள் சுமார் 5,000 அதிகாரிகள் அந்தத் தரையில் பாடம் படித்துப் போனார்கள்.

ஆச்சி சிரித்துவிட்டாள். "பாண்டி ஆடுனதுக்குச் சம்பளமாக்கும்!"

வேறு சிலருடைய பாடு அவ்வளவு சிரிக்கிற மாதிரி இல்லை. லண்டன் பக்கத்தில் பிளெட்ச்லி பார்க் என்ற இடத்தில் ஜெர்மானியரின் ரகசியச் செய்திகளைப் பிரிக்க இயந்திரங்கள் வைத்திருந்தார்கள். அவற்றை ஓட்டியவர்கள் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட ரென் பெண்கள். அலமாரி உயரத்துக்கு இயந்திரம், காதைப் பிளக்கிற சத்தம், எண்ணெய்ப் பிசுக்கு. எட்டு மணி நேர ஷிப்ட். ஒரு வாரம் பகல், அடுத்த வாரம் சாயங்காலம், அதற்கடுத்த வாரம் ராத்திரி. உடம்பு ஒரு பழக்கத்துக்கு வருவதற்குள் அடுத்தது மாறிவிடும். தலைவலி, வயிற்றுக் கோளாறு, மாதவிடாய் தவறிப் போவது எல்லாம் இப்படி வேலை செய்கிறவர்களுக்கு வருவதை இன்றைக்கு டாக்டர்கள் எடுத்துச் சொல்கிறார்கள். ராத்திரி ஷிப்ட் பார்க்கிற நர்ஸ் சகோதரிகளும் மில் சகோதரிகளும் பகலில் அறையை நன்றாக இருட்டாக்கிக்கொண்டு, தினமும் ஒரே நேரத்தில் தூங்கப் பாருங்கள். வீட்டில் இருக்கிறவர்களும் அந்த நேரத்தில் மிக்ஸி போடாமல் இருந்தால் புண்ணியம்.

அந்தப் பெண்களுக்கு அதைவிடப் பெரிய கஷ்டம் வாயைத் திறக்கக் கூடாது என்பது. என்ன வேலை பார்த்தேன் என்று தாயிடமும் சொல்லக் கூடாது, பிறகு புருஷனிடமும் சொல்லக் கூடாது. ரகசியம் பொதுவில் வெளியானது 1974-ல்தான். அதுவரை முப்பது வருஷம் எத்தனையோ பேர், "யுத்தத்தில் நீ என்ன செய்தாய்?" என்று பிள்ளைகள் கேட்டால், "சும்மா ஆபீஸ் வேலைதான்" என்று சொல்லிக்கொண்டே குழந்தைக்குச் சோறூட்டியிருக்கிறார்கள். அப்பா அம்மா சாகும்வரை, மகள் யுத்த காலத்தில் டைப் அடித்தாள் என்றே நினைத்திருப்பார்கள்.

இதெல்லாம் எங்கேயோ சீமையில் நடந்தது என்று நினைக்காதீர்கள். 1942 ஏப்ரல் 5-ந் தேதி ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. அடுத்த நாள் விசாகப்பட்டினத்தில். 9-ந் தேதி திரிகோணமலையில். இதை நான் சொன்னவுடன் ஆச்சிக்கு ஞாபகம் வந்துவிட்டது. அப்போது அவளுக்கு ஏழு வயசு இருக்கும்.

"ஆமா, அப்பத்தான் மெட்ராஸ்ல இருந்து எவாக்குவேஷன்னு சனமெல்லாம் மூட்டை முடிச்சோட ஊர் ஊரா வந்து எறங்குச்சு. சீமெண்ணெய் கெடையாது. பொழுது சாயுமுன்ன சோறாக்கி, விளக்கில்லாமயே தின்னுட்டுப் படுத்துக்கிடுவோம்."

அந்தக் கொழும்பில்தான் பிறகு ரென்கள் வந்து இறங்கினார்கள். ஊருக்கு வெளியே ஆண்டர்சன் என்று ஒரு நிலையம். அதற்கும் கப்பல் பெயர்தான். அங்கே காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஜப்பான் கப்பல்களின் தந்தி ஒலியைக் கேட்டு எழுத வேண்டும். நமக்குத் தெரிந்த மோர்ஸ் தந்தியில் இருபத்தாறு எழுத்து. ஜப்பானியர் தந்தியில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் ஒலிக்குறி. பாஷை தெரியாமல், குறியை மட்டும் காதால் பிடித்து எழுத வேண்டும். அதுவும் அந்தப் புழுக்கத்தில். அட்மிரல் மவுண்ட்பேட்டன் 1944-ல் தன் தலைமை ஆபீஸைக் கண்டிக்குப் பக்கத்தில், பேராதனைப் பூந்தோட்டத்துக்கே கொண்டுவந்துவிட்டார். அங்கேயும் ஆபீஸ் ஆபீஸாகப் பெண்கள்.

கொழும்புக்கு வந்து சேராதவர்களும் உண்டு. 1944 பிப்ரவரி 12-ந் தேதி மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த 'கெடிவ் இஸ்மாயில்' என்ற கப்பலை மாலத்தீவுப் பக்கம் ஜப்பான் நீர்மூழ்கி தாக்கியது. இரண்டு மூன்று நிமிஷத்துக்குள் முழுகிவிட்டது. கிட்டத்தட்ட 1,300 பேர் போனார்கள். அதில் 77 பேர் பெண்கள், நர்ஸுகளும் ரென்களும். தப்பிப் பிழைத்த பெண்கள் ஆறே பேர். கரை வேலைக்கு வந்தவர்கள்தான் அவர்கள். ஆனால் கரைக்கு வரக் கடலைத் தாண்டித்தானே ஆக வேண்டும்? இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று எனக்கு அப்போது ஒரு தயக்கம். மதினி முகம் அப்படி ஆகிவிட்டது. ஆனால் இதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் சொல்லி ஒரு பெண்ணை அனுப்பி வைப்பதும், மறைத்துக் கல்யாணம் பேசுவதும் ஒன்றுதான் என்று எனக்குப் பட்டது.

"நம்ம நாட்டுப் பொம்பளைக யாரும் போனாகளா?" இதைக் கேட்டது அண்ணன்.

போனார்கள். 1942-ல் இந்தியாவில் பெண்கள் துணைப்படை ஒன்று தொடங்கினார்கள். இந்தியப் பெண்கள், ஆங்கிலோ இந்தியப் பெண்கள், இங்கேயே இருந்த வெள்ளைக்காரப் பெண்கள் எல்லோரும் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். நம் பெண்கள் சீருடையாகப் புடவையே கட்டிக்கொள்ளலாம். காக்கிப் புடவை! இந்தப் படையின் கடற்படைப் பிரிவுக்குத்தான் பிறகு ரென்களைப் போலவே தனிப்பெயர் கிடைத்தது, நடுவில் ஓர் 'இந்தியன்' சேர்த்து. 1939-ல் இரண்டாயிரம் பேர்கூட இல்லாத இந்தியக் கடற்படை, யுத்தம் முடிகிறபோது இருபத்தைந்தாயிரத்தைத் தாண்டியிருந்தது. அத்தனை பேருக்கும் எழுத்து வேலை, தந்தி வேலை பார்க்க ஆள் வேண்டாமா?

அந்தப் பிரிவிலிருந்து கல்யாணி சென் என்ற வங்காளிப் பெண், செகண்ட் ஆபீசர் பதவியில் இருந்தவர், 1945-ல் இங்கிலாந்து போனார். கூடப் போனவர் மார்கரெட் கூப்பர் என்ற மேலதிகாரி. அங்கே ரென்களுக்கு எப்படிப் பயிற்சி தருகிறார்கள், நிர்வாகம் எப்படி நடக்கிறது என்று இரண்டு மாசம் பார்த்து வரத்தான் அந்தப் பயணம். இந்தியப் படைச் சேவையிலிருந்து இங்கிலாந்துக்குப் போன முதல் இந்தியப் பெண் அவர்தான் என்று குறித்து வைத்திருக்கிறார்கள். ஜூன் 3-ந் தேதி ரோசித் என்ற ஸ்காட்லாந்துத் துறைமுகத்தில் எடுத்த படம் இன்றைக்கும் இருக்கிறது. புடவைதான். இந்தியாவில் பெண்கள் ஆண்களோடு சேர்ந்து வேலை பார்ப்பதை இன்னும் நிறையப் பேர் தப்பாக நினைக்கிறார்கள், ஆனால் பெண்களுக்கு இருக்கிற ஆர்வம் அந்த எண்ணத்தை உடைத்துக்கொண்டு வருகிறது என்கிற அர்த்தத்தில் அவர் அப்போது பேசியிருக்கிறார்.

உடைந்துதான் வந்ததா? அங்கேதான் எனக்குக் கொஞ்சம் ஆற்றாமை. 1947-க்குள் அந்தப் படை கலைந்துவிட்டது. பெண்கள் வீட்டுக்குப் போனார்கள். புடவை டிரங்குப் பெட்டிக்குப் போயிற்று. நர்ஸ், டாக்டர் தவிர வேறு வேலைக்கு இந்தியக் கடற்படை மறுபடி பெண் அதிகாரிகளை எடுத்தது 1992-ல். இடையில் நாற்பத்தைந்து வருஷம்! அப்போதும் கொடுத்தது எது? கல்வி, சட்டம், லாஜிஸ்டிக்ஸ் என்கிற பண்டகசாலை - சம்பளப் பிரிவு. அதாவது அந்தப் பழைய கரை வேலையேதான். அதிலும் பலர் நிரந்தரப் பதவி கிடைக்காமல், பத்துப் பதினாலு வருஷம் உழைத்துவிட்டு வெளியே வர வேண்டியிருந்தது. ஆனி நாகராஜா என்ற அதிகாரியும் மற்றவர்களும் கோர்ட்டுக்குப் போய், 2020 மார்ச் 17-ல் சுப்ரீம் கோர்ட் அவர்களுக்கும் நிரந்தரப் பதவி தர வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது.

இன்றைக்குக் கரை மட்டும் இல்லை. மாடியிலிருந்து எப்போது இறங்கி வந்தாளோ, அண்ணன் மகளே படியில் உட்கார்ந்தபடி சொன்னாள். "அத்தை, புதுச்சேரி ரூபா அழகிரிசாமி தெரியுமா? அவங்களும் கோழிக்கோட்டு தில்னாவும் ரெண்டே பேரு, பாய்மரப் படகுல உலகத்தையே சுத்தி வந்திருக்காங்க. 2024 அக்டோபர்ல கோவாவுல கெளம்பி, 2025 மே மாசம் திரும்பி வந்தாங்க." 2023-ல் ஒரு பெண் அதிகாரி போர்க்கப்பலுக்கே தலைவியானதையும் சொன்னாள். எனக்கே அதுவரை தெரியாது.

மதினி என்னைப் பார்த்தாள். பேச்சை எங்கே முடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆகையால் சந்தோஷமான விஷயத்தோடு நிறுத்தாமல், கணக்கையும் எடுத்துச் சொன்னேன். அக்னிவீர் வேலை நாலு வருஷம். முடிந்த பிறகு நூற்றுக்கு இருபத்தைந்து பேரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் வெளியே வர வேண்டும், பென்ஷன் கிடையாது. முதல் வருஷம் மாசம் 30,000 ரூபாய் என்றாலும் 9,000 பிடித்துக்கொண்டு 21,000 கையில் வரும். பிடித்ததும் ஸர்க்கார் போடுவதும் வட்டியும் சேர்ந்து கடைசியில் சுமார் 11.7 லட்சம் மொத்தமாக வரும். ஒரிஸாவில் ஏரிக்கரையில் இருக்கும் 'ஐ.என்.எஸ். சில்கா'வில் பயிற்சி. 2023 மார்ச்சில் முதல் அணியில் சுமார் 270 பெண்கள் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். எழுத்துப் பரீட்சை, ஓட்டம், டாக்டர் சோதனை எல்லாம் தாண்ட வேண்டும். தாண்டுவாள் என்று யாராலும் வாக்குக் கொடுக்க முடியாது. கோவில்பட்டி மாப்பிள்ளை வீட்டாரை நாலு வருஷம் காத்திருங்கள் என்று சொல்லவும் முடியாது.

"இருபத்திமூணு வயசுல கட்டிக்குடுத்தா கொழந்தை பொறக்காதோ?" மதினிக்கு இந்தச் சந்தேகம் உள்ளூர இருந்திருக்கிறது, பாவம். நன்றாகப் பிறக்கும், பத்தொன்பதைவிட உடம்பு நன்றாகத் தேறிய வயசு அது என்றேன். பிள்ளைப்பேற்று டாக்டர்கள் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். "ஆனால் இவள் உடம்பில் இப்போது ரத்தம் எவ்வளவு இருக்கிறது, அதைப் பார்த்தீர்களா?" என்று கேட்டேன். பெண்ணின் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் வெளுத்துக் கிடக்கிறது.

மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் 10.4. பன்னிரண்டுக்குக் குறைந்தால் சோகை. இது இவள் ஒருத்தி கதை இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயசுப் பெண்களில் நாடு முழுக்க நூற்றுக்கு 57 பேருக்குச் சோகை. நம் தமிழ்நாட்டில் 53 பேர். கடற்படைக்குப் போகிறாளோ, கல்யாணத்துக்குப் போகிறாளோ, 10.4-ஓடு எங்கேயும் அனுப்பாதீர்கள் என்று மதினியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

டாக்டரம்மா இரும்புச்சத்து மாத்திரையும், பூச்சி மாத்திரையும் கொடுத்தார். மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டினால், சாப்பாட்டுக்குப் பின் போடலாம். நிறுத்திவிடக் கூடாது. மலம் கறுத்துப் போனால் பயப்பட வேண்டாம். சாப்பிட்டதும் காபி, டீ குடிக்கிற பழக்கம்தான் நம் எதிரி. சாப்பாட்டில் இருக்கிற இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். முருங்கைக்கீரை, கம்பு, எள்ளுருண்டை எல்லாம் இந்தக் கரிசலில் கிடைக்காததா? கீரையோடு எலுமிச்சை பிழிந்துகொண்டாலோ, ஒரு நெல்லிக்காய் கடித்துக்கொண்டாலோ இரும்பு நன்றாக ஒட்டும். கொல்லைக்குப் போகும்போது செருப்பில்லாமல் போகக் கூடாது. ஆனால் இவ்வளவு சோகைக்குக் கீரையை மட்டும் நம்பக் கூடாது, மாத்திரை அவசியம். தேறவே இரண்டு மூன்று மாசம் ஆகும்.

நான் கிளம்புகிற அன்றைக்கு விடியற்காலம் வாசலில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். பெண் கண்மாய்க் கரையில் ஓடப் போகிறாள். நாய்கள் துரத்துமாம். அதனால் மதினி கையில் டார்ச் லைட்டும் கம்புமாக, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பின்னாலேயே போகிறாள். "ஓடட்டும், ஒடம்புக்கு நல்லதுதானே. விண்ணப்பம் போடச் சொல்லி நான் ஒண்ணும் சொல்லலை" என்று என்னிடம் மிடுக்காகச் சொல்லிவிட்டுப் போனாள்.

விண்ணப்பம் அதற்கு முந்தின ராத்திரியே போட்டாயிற்று. அண்ணன்தான் பக்கத்தில் உட்கார்ந்து, எழுத்துப் பிழை பார்த்தார். இது மதினிக்குத் தெரியுமோ, தெரியாத மாதிரி இருக்கிறாளோ, நான் கேட்கவில்லை. கோவில்பட்டிக்கு என்ன பதில் சொல்வது என்று இந்த வரி எழுதுகிறவரைக்கும் முடிவாகவில்லை. இரண்டாவது ரத்தப் பரிசோதனை பங்குனி கடைசியில்.

பஸ் ஏற நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது ஆச்சி கூப்பிட்டாள்.

"ஏட்டி, அந்த வங்காளத்துப் பிள்ளை, குளிருக்குள்ள அந்தச் சேலையோடயா நின்னா?"

ஆமாம் அம்மா என்றேன்.

"சேலை கரை என்ன நெறம்?"

பழைய கறுப்பு வெள்ளைப் படமாயிற்றே, எப்படிச் சொல்ல? ஆச்சி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நீலமாத்தான் இருக்கும்" என்று தானே தீர்ப்புச் சொல்லி, வெற்றிலையை எடுத்து நரம்பு கிள்ள ஆரம்பித்தாள்.